வீட்டைப் பெயர்க்கலாம், ஊரைப் பெயர்க்க முடியுமா?

ஒரு பழைய வீட்டை அது நின்ற மண்ணிலிருந்து கழற்றி, மரத்துக்கு மரம் எண்ணிட்டு, நூறு மைல் தள்ளி மீண்டும் பூட்டி நிறுத்தினால் அது அதே வீடுதானா? அப்படிக் கொண்டுவந்த இருபது வீடுகளை ஒரே வளாகத்தில் அருகருகே வைத்தால் அது ஓர் ஊர் ஆகுமா? கிராம வாழ்வைக் காக்க எழுந்த திறந்தவெளி அருங்காட்சியகங்கள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளோடுதான் பிறந்தன. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் பலவிதமாக விடை சொல்லியும் விவாதம் முடியவில்லை. தமிழில் ‘பெயர்த்தல்’ என்ற ஒரே சொல் வீட்டை இடம் மாற்றுவதற்கும் வருகிறது, நூலை மொழி மாற்றுவதற்கும் வருகிறது. இந்த ஒற்றுமை சிந்திக்கத்தக்கது. மொழிபெயர்ப்பில் எது கடந்து வருகிறது, எது பின்தங்கிவிடுகிறது என்று கேட்பதுபோலவே இந்த அருங்காட்சியகங்களையும் கேட்கலாம். அவற்றுக்கு அடித்தளமாக இருந்துவரும் முக்கியமான நிலைப்பாடுகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. காக்க வேண்டிய பொருள் வீடு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்ததுதான் பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் என்பது இதன் வாதம்.

இழப்பின் அச்சத்தில் பிறந்த யோசனை

1872இல் சுவீடனின் டாலார்னா வட்டாரத்தில் பயணம் செய்த ஆர்ட்டுர் ஹசேலியஸ், அங்கே நாட்டுப்புற உடைகளும் வீட்டுப் பொருள்களும் வேகமாக மறைந்துவருவதைக் கண்டார். மொழியாசிரியரான அவர் மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில் ஓர் இனவரைவியல் தொகுப்பைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் அதன் வாழ்விலிருந்து துண்டிக்கப்பட்டு நிற்கிறது என்பதை உணர்ந்தபோது, முழு வீடுகளையே கொண்டுவரும் எண்ணம் அவருக்கு வந்தது. 1891 அக்டோபர் 11 அன்று ஸ்டாக்ஹோமின் யூர்கார்டன் தீவில் ஸ்கான்சன் திறக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1881இல், அரசர் இரண்டாம் ஆஸ்கர் நார்வேயின் தலைநகருக்கு அருகே பழைய மரக் கட்டடங்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். ஆனாலும் உலகெங்கும் பரவியது ஹசேலியஸின் வடிவமே. போலந்து, செக், ஹங்கேரிய மொழிகளில் இன்று இவ்வகை அருங்காட்சியகம் எதுவானாலும் அதற்கு ‘ஸ்கான்சன்’ என்பதே பொதுப்பெயர்.

இந்த நிலைப்பாட்டின் பின்னணி தெளிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுவீடனில் ரயிலும் தொழிற்சாலையும் பெருகின. நிலம் போதாமலும் வறுமை தாங்காமலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் காலப்போக்கில் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தனர். வெறிச்சோடிய ஊர்களை எண்ணி வருந்திய நகரத்து நடுத்தர வர்க்கம், தேசத்தின் ஆன்மா உழவரின் குடிலில் இருக்கிறது என்று நம்ப விரும்பியது. அந்த நம்பிக்கையே எண்ணற்ற பொருள்களை அழிவிலிருந்து மீட்டது. அதை மறுக்க இயலாது. ஆனால் அதன் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதற்கு அந்த அழகிய வீடுகளில் விடையில்லை. பசியும் குத்தகைக் கடனும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டன. மேலும், வடபுலத்துச் ‘சாமி’ இன மக்களின் குடும்பங்களை ஸ்கான்சன் தன் தொடக்க ஆண்டுகளிலேயே வளாகத்துக்குள் தங்கவைத்துப் பார்வையாளருக்குக் காட்டியது. வீட்டோடு மனிதரும் காட்சிப்பொருளாகிவிடும் ஆபத்து இந்த வடிவத்தோடு கூடவே பிறந்தது எனலாம்.

அளவெடுத்த வீடுகளும் அளவெடுத்த ஊர்களும்

தேசப் பெருமிதத்தைச் சற்றே விலக்கி, வீட்டை ஆய்வுக்குரிய சான்றாகக் கண்டது இரண்டாவது நிலைப்பாடு. டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் ஓல்சன் 1897இல் கோபன்ஹேகனில் தொடங்கி 1901இல் லிங்பிக்கு மாற்றிய அருங்காட்சியகம் இவ்வழியில் முன்னோடி. நார்வேயின் லில்லஹாமரில் பல் மருத்துவர் ஆண்டர்ஸ் சான்ட்விக் ஒரே பள்ளத்தாக்கின் வீடுகளைச் சேர்த்தார். அத்தொகுப்பு 1904இல் மைஹாவ்கன் ஆயிற்று. எந்த வட்டாரம், எந்தக் காலம், எந்தக் கட்டுமான முறை என்ற ஒழுங்கு இங்கே முதன்மை பெற்றது. ருமேனியாவில் சமூகவியலாளர் திமித்ரியே குஸ்தி மேலும் ஒரு படி சென்றார். அவரும் மாணவர்களும் ஊர் ஊராகத் தங்கி நிலவுடைமை, உணவு, வழிபாடு, உறவுமுறை எல்லாவற்றையும் பதிவுசெய்த பிறகே 1936இல் புகாரெஸ்டில் கிராம அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வீடுகளை மீண்டும் எழுப்பவும் அந்தந்த ஊர்க் கைவினைஞரே வந்தனர்.

இந்தப் பார்வையின் பலம் அதன் ஒழுங்கு. பலவீனம், அது காலத்தை நிறுத்திவிடுவது. ஒரு வீட்டுக்கு ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, பின்னால் வந்த மாற்றங்களையெல்லாம் கழித்துவிட்டால், எஞ்சும் ‘தூய’ வடிவத்தில் யாரும் ஒருநாளும் வாழ்ந்திருக்க மாட்டார்கள். வேல்ஸின் செயின்ட் ஃபேகன்ஸ் 1948இல் திறந்தபோது உழவர் வாழ்வையே வேல்ஸின் முகமாகக் காட்டியது. சுரங்கத்திலும் இரும்பாலையிலும் உழைத்த பெருந்திரளுக்கு அங்கே நெடுநாள் இடமில்லை. பிற்பாடு அதே அருங்காட்சியகம் தந்த திருத்தம் போற்றத்தக்கது. மெர்தர் டிட்ஃபில் நகரிலிருந்து இரும்புத் தொழிலாளரின் ஆறு வரிசை வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, முதல் வீட்டை 1805ஆம் ஆண்டின் நிலையிலும், அடுத்தடுத்தவற்றை 1855, 1895, 1925, 1955, 1985 ஆகிய ஆண்டுகளின் நிலையிலும் அமைத்தார்கள். பார்வையாளர் ஒரே தெருவில் நடந்துகொண்டே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளைக் கடக்கிறார். மாற்றத்தையே காட்சிப்பொருளாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ருமேனியாவின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. தலைநகரில் கிராம அருங்காட்சியகத்தைப் பேணிய அதே நாட்டில், 1988இல் சௌசெஸ்கு அரசு ஆயிரக்கணக்கான கிராமங்களை இடித்து மக்களை அடுக்கு வீடுகளுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டு அந்த ஆட்சி வீழ்ந்ததால் பெரும்பாலான ஊர்கள் தப்பின. மாதிரியை வேலிக்குள் காப்பது அசலைக் காக்கும் கடமையைத் தானாக உண்டாக்கிவிடாது. சில நேரங்களில் ‘ஒன்றைத்தான் காத்துவிட்டோமே’ என்ற மன அமைதியையும் அது தந்துவிடக்கூடும்.

இருந்த இடத்திலேயே காப்பது

மூன்றாவது நிலைப்பாடு பெயர்ப்பதையே எதிர்க்கிறது. 1964இன் வெனிஸ் சாசனம், நினைவுச்சின்னத்தை அதன் வரலாற்றிலிருந்தும் சூழலிலிருந்தும் பிரிக்க இயலாது என்று கூறி, இடமாற்றத்தைத் தவிர்க்க முடியாத நிலைக்கு மட்டும் அனுமதித்தது. 1971இல் பிரான்சில் ஹூக் து வாரின் உருவாக்கி, ஜார்ஜ் ஆன்ரி ரிவியேருடன் வளர்த்த ‘சூழல் அருங்காட்சியகம்’ என்ற கருத்து இன்னும் தூரம் போயிற்று. கட்டடத்துக்குப் பதில் நிலப்பரப்பு, சேகரிப்புக்குப் பதில் பொது மரபு, பார்வையாளருக்குப் பதில் அங்கே வாழும் மக்கள் என்று மையத்தையே அது மாற்றியது.

இதன் நன்மையும் சுமையும் ஜப்பானின் ஷிரகவா-கோ பகுதியில் ஒருங்கே தெரிகின்றன. செங்குத்தான புல்கூரை வீடுகளைக் கொண்ட ஒகிமாச்சி ஊர்மக்கள், விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971இல் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டனர். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவில் ஒரு கூரையை மாற்ற ஊரே திரண்டு வரும் ‘யுயி’ என்ற கூட்டுழைப்பு முறையும் அங்கே நீடிக்கிறது. 1995இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் சில நூறு பேர் வாழும் அந்த ஊரைப் பார்க்க ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகிறார்கள். வயல்வேலையின் இடத்தை உணவகமும் நினைவுப்பொருள் கடையும் பிடிக்கும்போது, பெயர்க்கப்படாத ஊரும் மெல்ல அருங்காட்சியகமாகிறது. நம் செட்டிநாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. காக்க ஏற்பாடு இல்லாத பெருவீடுகள் பங்காளிகளிடையே பிரிந்து, பூட்டிக் கிடந்து, இறுதியில் இடிபட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியாக விலைபோயின. இருந்த இடத்திலேயே காப்பதுதான் உயர்ந்த வழி என்று சொல்வோர், அதற்கு அவ்விடத்தில் வாழவைக்கும் பொருளாதாரம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மரவீட்டின் விதியும் மண்வீட்டின் விதியும்

மேற்கண்ட மூன்று நிலைப்பாடுகளும் ஓர் அடிப்படையைக் கேள்வியின்றி ஏற்கின்றன. வீட்டின் மெய்ம்மை அதன் பழைய பொருளில் இருக்கிறது என்பதே அது. ஸ்காண்டிநேவிய வீட்டுக்கு இது பெரிதும் பொருந்தும். முழு மரங்களை முனையில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று பூட்டிய வீட்டைக் கழற்றலாம், எண்ணிடலாம், வண்டியேற்றலாம், மீண்டும் அடுக்கலாம். திறந்தவெளி அருங்காட்சியகம் என்ற கருத்து அந்தக் கட்டுமான முறையிலிருந்தே முளைத்தது என்றுகூடச் சொல்லலாம். மண்சுவரும் கீற்றுக் கூரையும் கொண்ட வீட்டை அப்படிக் கழற்ற முடியாது. தூணும் உத்தரமும் நிலையும் வரும். சுவர் வராது, மெழுகிய தரை வராது. கூரை எப்படியும் ஓரிரு மழைக்காலத்துக்குள் மாற்ற வேண்டியதே.

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இந்த விதியை எதிர்கொண்ட இடம். 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை அதை நடத்துகிறது. லாரி பேக்கர் தொடக்க அமைப்பை வகுக்க, பென்னி குரியாகோஸ் வீடுகளை மீண்டும் எழுப்பும் பணியை முன்னெடுத்தார். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு, உழவர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு என்று தென்னாட்டு வீடுகள் அங்கே நிற்கின்றன. இவற்றில் வந்துசேர்ந்த பழம்பொருள் எவ்வளவோ, புதிதாகக் கட்டியதும் அவ்வளவு முக்கியம். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரும் நாட்டு ஓடு மேயத் தெரிந்தவரும் தச்சரும் வந்ததால்தான் வீடு மீண்டது. போபாலில் சியாமளா குன்றில் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் பழங்குடி வீடுகளை அமைத்த முறையும் இதையே உறுதிசெய்கிறது. அந்தந்தச் சமூகத்தாரே வந்து தம் முறைப்படி கட்டிய வீடுகள் அவை.

ஆகவே நம் தட்பவெப்பத்தில் வீட்டின் தொடர்ச்சி அதன் பொருளில் இல்லை, கட்டும் கையில் இருக்கிறது. ஆண்டுதோறும் மண் பூசி, சாணம் மெழுகி, கூரை மாற்றியதால்தான் வீடு நின்றது. ஜப்பானில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுப்பப்படும் ஈசே கோயில் இதே தத்துவத்தைச் சடங்காகவே கொண்டிருக்கிறது. 1994இன் நாரா ஆவணம் மெய்ம்மையை அந்தந்தப் பண்பாட்டின் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று ஏற்றது. 2003இல் யுனெஸ்கோவின் ஒப்பந்தம் அறிவையும் திறனையும் காக்கத்தக்க மரபாக அங்கீகரித்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் அருங்காட்சியகத்தை ‘எத்தனை பழைய வீடு வைத்திருக்கிறாய்’ என்று கேட்பதைவிட, ‘இந்த வீட்டை அடுத்த முறை கட்டத் தெரிந்தவர் எத்தனை பேரை உருவாக்கினாய்’ என்று கேட்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஊரும் சேரியும்

கட்டும் அறிவைக் காத்தாலும் ஊர் வந்துவிடாது. ஊர் என்பது வீடுகளுக்கு இடையே உள்ள தூரமும்தான். இந்தியக் கிராமத்தைப் பற்றிய கருத்தாடலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1830இல் சார்லஸ் மெட்காஃப் கிராமங்களைத் தன்னிறைவு பெற்ற சிறு குடியரசுகளாக வருணித்தார். காந்தியடிகள் அதில் எதிர்கால இந்தியாவின் அடித்தளத்தைக் கண்டார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் கிராமம் என்று அந்தப் பெருமையை முற்றாக மறுத்தார். தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றை ‘ஸ்ரீபுரம்’ என்ற புனைபெயரில் ஆராய்ந்து ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட நூல், அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்ற இடப்பிரிவினை எப்படி நிலத்தையும் அதிகாரத்தையும் வரைபடமாக்கியது என்று காட்டியது.

அருங்காட்சியக வளாகத்தில் இந்தத் தூரம் சுருங்கிவிடுகிறது. வணிகர் வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கு நிழற்பாதையில் சில அடி நடந்தால் போதும். எந்தக் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கக் கூடாது, திண்ணையில் யார் அமரலாம் என்பவை வீட்டின் மரத்திலும் ஓட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. நிலமற்ற கூலியாளின் குடிசை எந்த நாட்டு அருங்காட்சியகத்திலும் அரிதாகவே காணப்படுகிறது. நிலைத்து நின்ற வீடுகளே சேகரிக்கப்படுவதால் இது ஓரளவு இயல்பாகவே நேர்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததும் ஒரு குடிசைக்குள்தான். தமிழ்நாட்டின் கிராம வாழ்வைச் சொல்லும் எந்த முயற்சியும் அந்தக் கூரையைப் பற்றி மௌனமாக இருந்தால், அது சொல்லும் மற்ற உண்மைகளும் குறைபட்டுவிடும். பழைய நகரையே திறந்தவெளி அருங்காட்சியகமாக்கிய அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் இப்பாடத்தைத் தாமதமாகக் கற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரத்தவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள். ஆனால் அவர்களின் கதை அங்கே முறையாக இடம்பெற 1979 வரை ஆனது. 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது, வலியைக் காட்சியாக்கலாமா என்ற எதிர்ப்பும் எழுந்தது. மறைப்பதும் தவறு, காட்டும் விதமும் எளிதல்ல என்பதை அந்நிகழ்வு நினைவூட்டுகிறது.

எழும் மறுப்புகள்

இவ்வளவு சுமையை ஓர் அருங்காட்சியகத்தின் தலையில் ஏற்றலாமா என்று கேட்பவர் உண்டு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு வரும் பார்வையாளர் ஆட்டுக்கல்லையும் முற்றத்தையும் நெற்குதிரையும் கண்டு மகிழ்கிறார், பிள்ளைகள் சக்கரத்தில் மண் வனையக் கற்கிறார்கள், அதுவே போதாதா? அந்த மகிழ்ச்சி மெய்யானது, மதிக்கத்தக்கது. எனினும் தன் முன்னோர் இந்தத் திண்ணையில் அமர அனுமதிக்கப்படாத பார்வையாளரும் அதே நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு வருகிறார். அவருக்கும் உரியதாக அந்த இடம் இருக்க வேண்டுமானால், வீட்டின் கதையோடு வாசலின் கதையும் சொல்லப்பட வேண்டும்.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. குடிசையில் வாழ்ந்தவர்கள் அதிலிருந்து வெளியேறவே விரும்புகிறார்கள். 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டமும், 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற 2024இன் அறிவிப்பும் அந்த விருப்பத்தின் அரசு வடிவங்கள். அப்படியிருக்கக் கீற்றுக்கூரையைப் போற்றுவது வசதி படைத்தவரின் ஏக்கம் ஆகாதா? ஒழுகாத கூரைக்கான உரிமையை எந்தப் பண்பாட்டு வாதமும் தடுக்கக் கூடாது. ஆனால் மண்ணையும் சுண்ணாம்பையும் ஓலையையும் கையாளும் அறிவு வறுமையின் மறுபெயர் ஆகாது. வெயிலைத் தணிக்கும் தடித்த சுவர், காற்றை இழுக்கும் முற்றம், உள்ளூர்ப் பொருளின் சிக்கனம் ஆகியவற்றை லாரி பேக்கர் கேரளத்தில் தம் காலத்து வீடுகளுக்கே பயன்படுத்திக் காட்டினார். அந்த அறிவை வறுமையிலிருந்து பிரித்துக் காத்து, புதிய வீடு கட்டுவோரிடம் சேர்ப்பதே அருங்காட்சியகம் செய்யக்கூடிய பணி.

மதிப்பீடு

நூற்றாண்டு கடந்த விவாதத்தில் சிலவற்றை ஓரளவு முடிந்தவையாகக் கொள்ளலாம். பெயர்க்கப்பட்ட வீடு சான்றாக நிற்கும், ஊராக மாறாது. ஒரே ஆண்டில் உறைந்த காட்சியைவிட மாற்றத்தைக் காட்டும் காட்சி நேர்மையானது. மண்ணும் ஓலையும் ஆளும் நாட்டில் கைத்திறனே முதன்மையான சேகரிப்பு. உறவுகளைப் பொறுத்தவரை, வீடுகளை விடப் பதிவுகள் நம்பகமானவை. 1916இல் கில்பர்ட் ஸ்லேட்டரின் வழிகாட்டலில் மாணவர்கள் ஆய்வுசெய்த தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, பின்னர் 1930களிலும் 1980களிலும் மறுபடியும் ஆராயப்பட்டது. நிலம் யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது, கூலி எப்படி மாறியது என்ற அத்தகைய பதிவுகள் வீட்டோடு சேர்த்து வைக்கப்படும்போது வளாகம் ஊரை நோக்கி ஓர் அடி நெருங்குகிறது.

தீராதவையும் பல. ஒடுக்கப்பட்டோரின் வாழ்விடத்தைக் காட்டும் உரிமை யாருடையது, அதை எப்படிக் காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்பதற்கு எந்த நாடும் முழு விடை காணவில்லை. வாங்குவோர் குறைந்த கைவினையை அருங்காட்சியகத்தின் ஊதியம் மட்டும் எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்பதும் தெளிவில்லை. நல்ல மொழிபெயர்ப்பு தான் மூலம் அல்ல என்பதை மறைப்பதில்லை. மூலத்தைத் தேடிப் போகவே வாசகரைத் தூண்டுகிறது. பெயர்த்து வைத்த வீடும் அப்படி இருக்கலாம். வாயிலைக் கடந்து வெளியேறும் பார்வையாளர், சாலையின் இருபுறமும் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் ஊர்களைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கத் தொடங்கினால், அந்த அருங்காட்சியகம் தன் பணியில் பெரும்பகுதியைச் செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.